இரண்டு வரியில் விழுந்த பெயர்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் குழுத் தலைவர் பதவிக்கு அக்கா போட்டியிட்டாள். முன்பெல்லாம் கை உயர்த்தித்தான் தெரிவு செய்வோம். இந்த முறை சண்டை வேண்டாமென்று ஒரு வாக்களிக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். திரையில் பெயர்கள் தெளிவாகத் தெரியும்படி அமைக்கச் சொன்னார்கள். பெயருக்கு ஒரு வரி, எதிரே ஒரு பட்டன், இடையே தடித்த கோடு என்று மூன்று மொழிக்கும் செய்து கொடுத்தேன்.

வாக்களிப்பு அன்று காலை மெஷினைப் போய்ப் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தில் மட்டும் எழுத்தைப் பெரிதாக்கி, கோடுகளை எடுத்திருந்தார்கள். பெயர்கள் இரண்டு வரியாக மடிந்திருந்தன. அக்காவின் முழுப் பெயரில் முன்னால் வரும் அப்பாவின் பெயர் மேல் வரியில். கீழ் வரியில் அக்காவின் பெயர். அதற்கு நேரே இருந்ததோ அடுத்த வேட்பாளரின் பட்டன்.

மெஷினோடு வந்தவரிடம் ஓடினேன்.

"தென் வெனஸ் கரன்ன பே, மிஸ்," என்றார் சிங்களத்தில். இனி மாற்ற முடியாதாம்.

தேர்தலை நடத்திய பழைய தலைவரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீர் அவவின்ர தங்கச்சி. உமக்காக நிப்பாட்டினா ஆக்கள் என்ன கதைப்பினம்?"

உள்ளே போகிறவர்களிடம் எந்தப் பட்டன் யாருடையது என்று சொல்லவும், வேட்பாளரின் தங்கையான எனக்கு உரிமையில்லை. வாசலில் நின்றேன். மேல்மாடி ஆன்ட்டி வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"அக்காவின்ர பேருக்கு நேர கிடந்ததைத்தான் அமத்தினனான்."

சிரிக்க முயன்றேன்.

அந்த அடுத்த வேட்பாளர், நாங்கள் நானா என்று கூப்பிடும் மூன்றாம் மாடி முஸ்லிம் அண்ணர், வென்றார். தெஹிவளையில் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர். "எனக்கா இவ்வளவு பேர் போட்டாங்க?" என்று அவரே திகைத்தார்.

ஆன்ட்டி ஆறுதல் சொல்ல வந்தபோது, அவரும் தனக்குப் போடவில்லை என்று நினைத்து அக்கா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் போனதும் நடந்ததைச் சொன்னேன்.

"இதை ஏன் காலையில சொல்லேல்ல?"

"சொன்னனான் அக்கா. நான் உங்கட தங்கச்சி எண்டு விட்டிட்டினம்."

"இப்ப நான் போய்ச் சொன்னா, தோத்த கோபம் எண்டுவினம்," என்றாள். பிறகு எழுந்து, முகம் கொடுக்காமல் அனுப்பிய ஆன்ட்டியோடு கதைக்க மேலே போனாள்.