வெடிப்பு விட்ட தரையும் செல்வராஜ் கொத்தனாரும்

இன்று மண்ணரை போகிற பஸ்ஸில் ஏறியதும் செல்வராஜைப் பார்த்தேன். போன மாதம் எங்கள் பனியன் கம்பெனிக்கு சிமெண்ட் தரை போட்ட கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்.

"ஏழு நாள் தண்ணி கட்டி வைக்கணும்க்கா. மெதுவாத்தான் காயணும்" என்று அன்று படித்துப் படித்துச் சொன்னார்.

எனக்கு ஷிப்மெண்ட் அவசரம். இரண்டாம் நாளே தண்ணீரை வடித்துவிட்டு நான்கு ஃபேனையும் போட்டுவிட்டேன். தரை வேகமாகக் காய்ந்து, சுருங்கி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது.

ஆட்கள் எல்லோர் முன்னாலும் அவரைத்தான் திட்டினேன்.

"இப்ப எங்கீங்க வேலை?" என்று பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.

"ஒரு கம்பெனில தச்ச பனியன் பீஸ் மடிக்கப் போறேன்க்கா. கொத்து வேலைக்கு யாரும் கூப்பிடுறதில்ல. தரை எப்படி இருக்கு? வெடிப்பு இன்னும் பெருசாவுதா?"

"தப்பு என்னோடதுங்க. ஃபேன் போட்டது நான்தானுங்க."

"தெரியும்க்கா. மறுநாள் காலையில வந்து அதை நிறுத்துனதே நான்தான."

"நான் திட்டுனப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"உங்ககிட்ட வேல பாக்குற ஆளுக முன்னாடி எப்படிக்கா சொல்ல?"

அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

போன மாதம் அவர் பெயரைப் போட்டு இந்தக் குரூப்பில் நான் புலம்பியபோது, "இந்த ஆளுக்கு இனி வேலையே தரக்கூடாது" என்று எத்தனை பேர் எழுதினீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை நம்பினீர்கள். இன்று எழுதியதையும் அப்படியே நம்பி, வீட்டில் கொத்து வேலை இருந்தால் கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள்.