சங்கு ஊதாமல் வெடிக்காதீர்கள்

மருமக்களே, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இனி நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்ப மாட்டீர்கள். நம்பினால் அவமானம் எனக்குத்தான். பச்சைமலையில் சிறுத்தையிடம் மணி கேட்ட கதையை எழுதியபோதே பாதிப் பேர் நம்பித் தொலைத்தீர்கள். இந்த முறை அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

பயணம் நடந்தது போன தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். காரணம் என் மச்சான் ராஜமாணிக்கம், முன்னாள் ராணுவ வீரர். கடல் தாண்டி அந்தத் தீவுக்குப் போன அமைதிப் படையில் இருந்தவர். போர் நடந்த நாளெல்லாம் முகாம் ஸ்டோரில் சட்டையும் பூட்ஸும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார் (இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதீர்கள்). அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, தீவுக்குப் போய்வந்தவர்களையும் அவர்களின் மனைவிமாரையும் வருடம் ஒருமுறை பெரம்பலூரில் கூட்டி மரியாதை செய்கிறார்கள். கணவரை இழந்தவர்களுக்குக் கண் ஆபரேஷனோ, தையல் மிஷினோ, எது தேவையோ அதைக் கைப்பணத்தில் செய்கிறார்கள்.

மேடை போட்டு மற்றப் போர்களைப் பற்றி முழங்குகிறவர்கள் இந்தப் போர் வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். அங்கும் தமிழ், இங்கும் தமிழ். எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று தெரியாமல் ஊர் வாயை மூடிக்கொண்டது. மச்சானுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. "திரும்பி வந்து ஸ்டேஷன்ல எறங்குறோம் மச்சான். ஒரு ஊசிப்பட்டாசு? ஒரு பய வெடிக்கல!" என்று என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் இந்த வருடம் பத்தாயிரம் வாலா சரவெடி. வாங்கியது அடியேன். விலை 2,400 ரூபாய். சுருளைப் பிரித்தால் பெரம்பலூரில் தலையும் சென்னையில் வாலும் இருக்கும்.

என்னிடம் ஒப்படைத்த வேலை எளிது. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சவரியம்மாளையும், அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரி ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து கலியமூர்த்தியையும் பதினொன்றரை மணிக்குள் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்க வேண்டும். சவரியம்மாளின் கணவர் அருளப்பனும் கலியமூர்த்தியும் தீவில் ஒரே ராணுவக் கம்பெனியில் இருந்தவர்கள். அருளப்பன் நல்லபடியாகத் திரும்பி வந்து, பல வருடம் வாழ்ந்து, காமாலையில் போனார். கலியமூர்த்தி இதுவரை எந்த விழாவுக்கும் வந்ததில்லை. "அண்ணி வர்றாங்கன்னா வரேன்" என்று இந்த முறைதான் வாயைத் திறந்திருக்கிறார்.

வண்டி, லப்பைக்குடிக்காடு ஜாபர் பாயின் பழைய கார். நாள் வாடகை டீசலோடு 2,800. பாய் தம்மாமில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர். பாலைவனத்தில் எதிரே வண்டியே வராத சுகத்துக்குப் பழகிவிட்டார். நம் ஊர் லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

காலை 5.45க்குப் புறப்பட்டோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தச் சாலையில் கல் ஏற்றிவரும் லாரி ஒவ்வொன்றும் ஏழு மாடி உயரம். ஒன்று எங்களை முந்தியபோது பகல் இருட்டி, காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. சுண்ணாம்புத் தூசியோ கேட்கவே வேண்டாம். காலையில் மேயப்போன எருமை உச்சிப்பொழுதுக்குள் வெள்ளைப் பசுவாகிவிடும். அரியலூர் பஸ் ஸ்டாண்டு அருகே டீ 12 ரூபாய், நன்றாக இருந்தது. அங்கேயே குடித்துவிடுங்கள், அப்புறம் வெகுதூரம் கிடைக்காது.

அங்கிருந்து ஏலாக்குறிச்சிப் பக்கம் 28 கிலோமீட்டர். சவரியம்மாள் ஜெபமாலையும் தூக்குவாளியுமாக வாசலில் தயாராக நின்றார்.

"பொன்னாடை போர்த்துறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கண்ணே. வூட்ல பதினொண்ணு கெடக்கு. தலகாணி உறை தச்சது போவ மிச்சம். வருசம் ஒருக்கா பென்ஷன் ஆபீசுக்குத் தொணைக்கி யாராச்சும் வந்தா போதும்."

காரில் ஏறியவர் கதவில் கை வைத்து, "கதவு சாத்துறேன்" என்று உரக்க அறிவித்துவிட்டுச் சாத்தினார். பிறகு தூக்குவாளியைக் கீழே வைக்கையில், "வாளி வைக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். "ஏம்மா, ரயில்வே அறிவிப்பா?"

"முப்பது வருசப் பழக்கம்ணே. எங்க வூட்டுக்காரவங்க தீவுலேர்ந்து வந்ததுக்கப்பறம் சொல்லாம ஒரு தட்டு உழுந்தா செவுத்தோட ஒட்டிக்குவாங்க. குக்கர் வச்சா, 'இந்தா மூணு விசில் வரும்'னு சொல்லிட்டுத்தான் வப்பேன். தூங்குனா தொட்டு எழுப்ப மாட்டேன், தள்ளி நின்னு பேரைச் சொல்லுவேன். அவங்க போயிட்டாங்க. எனக்கு வாய் நிக்கல."

நான் சிரிப்பை விழுங்கினேன். ஆனால் மருமக்களே, உங்கள் மாமனின் மூளை சுண்ணாம்பு படிந்த மூளை. பத்தாயிரம் வாலா அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதே காலுக்குக் கலியமூர்த்தியின் ஊர். பெயரைச் சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி என்பார்கள். வயலில் கிளிஞ்சல் கல்லாகிக் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் குவாரிப் பள்ளம். எட்டிப் பார்த்தேன், பாதாள லோகத்தில் இரண்டு பேர் தாயம் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கலியமூர்த்தி மெலிந்த மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காபி கொடுத்தார். தூரத்தில் குவாரிச் சங்கு நீளமாக ஊதியது, மூன்று தடவை. "வெடி வைக்கிறான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த நிமிடம் பூமி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். ஜாபர் பாய் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கலியமூர்த்தியின் காபியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

இவரல்லவா வீரர் என்று வியந்துகொண்டே புறப்பட்டேன். வியப்பு நான்கு கிலோமீட்டர்தான் நீடித்தது. பின்னால் வந்த தனியார் பஸ்காரன் எங்கள் காதோரம் ஏர்ஹாரனை அழுத்தினான். திரும்பிப் பார்க்கிறேன், பின் சீட்டில் கலியமூர்த்தி இல்லை. சீட்டுக்கும் கால் வைக்கும் பள்ளத்துக்கும் நடுவே, ஒரு ஆள் மடங்கக்கூடிய அளவைவிடவும் சிறியதாக மடங்கிக் கிடந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சவரியம்மாள் அவரைத் தொடவில்லை. "தம்பி, பஸ்ஸு. தாண்டிப் போயிருச்சு. நான் சவரியம்மா. கார்ல போறோம்" என்று சோறு பரிமாறும் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் வண்டியை ஓரம் கட்டினார்.

எழுந்து உட்கார வெகுநேரமானது. "குவாரி வெடிக்கு அசையலையே நீங்க!" என்றேன் முட்டாள்தனமாக.

"அவன் சங்கு ஊதிட்டுல்லங்க வெடிக்கிறான்" என்றார். "அதுக்குத்தான் அந்த ஊர்ல மனை வாங்கினேன். வெளியில எவனும் சொல்லிட்டு வெடிக்கிறதில்ல. எம் பொண்ணு செல்வி கல்யாணத்துல மாப்ள அழைப்புக்கு அதிர்வேட்டு போட்டானுவ. நான் ஓடிட்டேன். தாலி கட்டுற நேரத்துக்கு என்னைய ஒரு பாலத்துக்கடியிலேர்ந்து எடுத்தாங்க. அன்னையிலேர்ந்து ஒரு விசேஷத்துக்கும் போறதில்ல. இன்னைக்கி செல்வி மண்டபத்துக்கு வந்து நிக்கிறா. மேடையில என்னைய பாக்கணுமாம்."

மருமக்களே, அப்போதுதான் பத்தாயிரம் வாலா என் மண்டைக்குள் வெடித்தது. மண்டப வாசலில் சிவப்புப் பாயாக விரித்திருப்பார்கள். மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அங்கே மைக் செட்டும் மேளமும் அலறும்போது சட்டைப் பையில் கிடக்கும் போன் யாருக்குக் கேட்கும்? பெரம்பலூர் பதினெட்டு கிலோமீட்டர் என்றது மைல்கல். அடுத்த கல் பதினேழு. என் வாழ்நாளில் எந்தச் சாலையும் அவ்வளவு வேகமாகக் குறைந்ததில்லை.

சவரியம்மாளின் காதருகே விஷயத்தைக் கிசுகிசுத்தேன்.

"என்கிட்ட ஏன் குசுகுசுங்கிறீங்க? அவருகிட்ட சொல்லுங்க. சொல்லாம வச்சிருக்கீங்களே, அதுதாண்ணே அவருக்கு வெடி."

சொன்னேன். கலியமூர்த்தி வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்தபடி இருந்தார். "வண்டிய நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்" என்றார். பாய் நிறுத்தினார். இறங்கவில்லை. "செல்வி நிப்பாளே" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "அங்க சங்கு உண்டா?"

"நான் ஊதுறேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாக்கு. "நான் முன்னால ஓடி நிறுத்தச் சொல்றேன். முடியலன்னா மூணு தடவ ஊதுறேன். குவாரி மாதிரியே."

"யா அல்லா! இவரை நம்பாதீங்கண்ணே, சிறுத்தைகிட்ட மணி கேட்ட ஆளு இவரு" என்றார் ஜாபர் பாய்.

கலியமூர்த்தி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "ஊதுவீங்கல்ல?"

நாற்பது வருடமாகப் பொய் சொல்லி வாழ்கிற ஒருவனை ஒருவர் அப்படிப் பார்ப்பது பயங்கரம், மருமக்களே. ஏழு மாடி லாரி பரவாயில்லை.

பெரம்பலூர் நாலு ரோடு சந்திப்பு தாண்டி, மண்டபத் திருப்பத்துக்கு இருநூறு மீட்டர் முன்பு, 11.20க்கு இறங்கி ஓடினேன். அறுபத்து மூன்று வயது, தொப்பை, வேட்டி. வெடிக்குச் சைகை காட்டத் திருப்பத்தில் நிறுத்தியிருந்த ஆள் காரை அடையாளம் கண்டு துண்டை வீசிவிட்டான். வாசலில் மச்சான் கை காட்ட, ஒருவர் ஊதுபத்தியோடு குனிந்தார். நான் கத்தினேன். மேளம் என் கத்தலைத் தின்றது.

சாலை நடுவில் நின்றேன். இரண்டு கையையும் வாயருகே குவித்தேன். அடிவயிற்றிலிருந்து ஊதினேன். ஊஊஊ என்று ஆரம்பித்தது, எங்கே போய் முடிந்ததென்று எனக்கே தெரியாது. திருச்சியில் ஒரு ரயில் சிக்னல் கிடைத்ததென்று புறப்பட்டுவிட்டதாகக் கேள்வி. மேளம் நின்றது. ஊதுபத்தி நின்றது. மண்டபமே வெளியே வந்து என்னைப் பார்த்தது.

"மச்சான், கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று ஓடிவந்தார் ராஜமாணிக்கம். காதில் சொன்னேன். அவர் சரவெடியைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "தப்பு மச்சான். சுருட்டிடச் சொல்றேன்" என்றார்.

அதற்குள் கார் மெதுவாக வந்து நின்றது. கலியமூர்த்தி இறங்கினார். வாசலில் கிடந்த சிவப்பு நீளத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"எனக்கா?"

"நம்ம எல்லாருக்கும்ப்பா. அன்னைக்கி ஸ்டேஷன்ல..." என்றார் மச்சான்.

கலியமூர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப வெடிங்க. இவரு ஊதட்டும். மூணு தடவ. அப்பறம் வைங்க."

ஊதினேன். ஊர் பார்க்க, மூன்று தடவை. சவரியம்மாள் அவர் பக்கத்தில் நின்று, "தம்பி, ஊதியாச்சு. இப்ப வெடிக்கும். நம்ம ஆளுங்கதான்" என்றார். வெடித்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் கண்ணை மூடியிருந்தேன். என் மணிக்கட்டில் அவர் விரல்கள் அழுந்திக்கொண்டே போயின. கண்ணைத் திறந்தபோது புகைக்குள் நின்றுகொண்டுதான் இருந்தார்.

எல்லோரும் மூச்சு விட்டோம். அப்போது, வெடிக்காமல் தப்பியிருந்த ஒற்றை வெடி ஒன்று குப்பைக்குள்ளிருந்து டப்பென்றது.

அவர் அப்படியே சாலையில் குந்தினார், தலையைக் கைகளுக்குள் புதைத்து. சவரியம்மாள் அவசரமே இல்லாமல் அவர் பக்கத்தில் போய்க் குந்தினார். "அது சொல்லாம வந்த வெடி. திருட்டு வெடி" என்றார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செல்வி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, செல்விப்பா."

"ஒண்ணு சொல்லாம வந்துருச்சும்மா."

"ஓடலல்ல?"

அவர் யோசித்தார். "ஓடல" என்றார். அதன் பிறகு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

போகப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். மொத்தம் சுற்றியது 140 கிலோமீட்டர் சொச்சம். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, தூரத்திலிருந்து வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி பஸ் பிடியுங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு விழா எடுத்தால், அழைக்கப் போகிறவர் முதலில் வீட்டுப் பெண்களிடம் பேசட்டும். அவருக்கு எது ஆகாது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பொன்னாடைக்குப் பதில் பென்ஷன் ஆபீசுக்குத் துணைக்குப் போங்கள். பட்டாசு வேண்டவே வேண்டாம். எங்களுக்கு அன்று நடந்தது அதிர்ஷ்டம். அடுத்த வருடம் மேளம் மட்டும்தான், அதுவும் சொல்லிவிட்டு. மச்சானே சொல்லிவிட்டார்.

இனி வாக்குமூலம். லாரி ஏழு மாடி இல்லை. எருமை நிறம் மாறவில்லை. பாதாளத்தில் யாரும் தாயம் ஆடவில்லை, திருச்சி ரயில் அதன் நேரத்துக்குத்தான் போனது. சிறுத்தையும் பொய், அது வெறும் காட்டுப்பூனை, மணி நான் கேட்கவில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை: ஊதுகிறேன் என்றேன், ஊதினேன். வலது மணிக்கட்டில் நான்கு நகக்குறி இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். கதவைத் தட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.