நூற்றுப்பத்துப் பாகை

வள்ளத்திலிருந்து இறங்கும்போதுதான் என் வலது முழங்கால் முறுகியது. ஒரு கால் நயினாதீவு இறங்குதுறைப் படியில், மற்றக் கால் வள்ளத்தில். உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து புதிய நார் பொருத்தினார்கள்.

தையல் வெட்டிய அன்று நான் கேட்டது ஒரே கேள்வி: சம்மணமிட்டு இருக்க முடியுமா? நான் கோயிற் பூசகர். நாளாந்தப் பூசையை நின்றே செய்துவிடலாம். திருவிழாவில் கும்பத்தின் முன்னும் ஓமகுண்டத்தின் முன்னும் மணிக்கணக்கில் நிலத்தில் இருக்க வேண்டும். கொடியேற்றத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

“மடங்கினால் இருக்கலாம் ஐயா. மடக்கிறது உங்கட கையிலதான்” என்றார் அங்கே பயிற்சி கொடுத்த இயன்மருத்துவர், ஒரு பெண். இரண்டு கருவிகளைத் தந்துவிட்டார். ஒன்று, தொடையில் ஒட்டி மெல்லிய மின்சாரத்தால் தசையை இறுகவைப்பது. மற்றது, காலைத் தொட்டில்போலத் தாங்கித் தானே மடக்கி நீட்டுவது. எத்தனை பாகைக்கு மடக்க வேண்டுமென்று அதன் சிறு திரையில் நாம் அமைக்கலாம். கிழமைக்கு ஒருதரம் வந்து காட்டச் சொன்னார்.

இரண்டு கிழமை போனேன். பிறகு கடல் குழம்பியது. அந்தக் காலோடு வள்ளம் ஏறப் பயந்து, தொலைபேசியில் அளவைச் சொன்னேன். காலை ஆறு பத்துக்கும் மாலை நாலரைக்கும் கருவியில் கிடந்தேன். ஒவ்வொரு முறையும் பாகையை நாட்குறிப்பில் எழுதினேன். எழுபதைத் தாண்டியதும் வலியில் உயிர் போனது. பட்டியைத் தளர்த்தி, உடம்பை ஒரு சாண் பின்னுக்கு அரக்கினால் வலி இல்லை. அதையும் எழுதினேன்.

குசினி வாசலில் நின்று மனைவி பார்த்தாள். “இஞ்சாருங்கோ, மெசின்தான் மடங்குது. உங்கட கால் சும்மா விடுப்புப் பாத்துக்கொண்டு கிடக்கு.”

“திரையைப் பாரும். நூற்றுப்பத்து.”

“எனக்குத் திரை தெரியாது. கால் தெரியும்.”

நான் சிரித்தேன். விளங்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் கிழமை கடல் அடங்கியது. யாழ்ப்பாணம் போனேன். அந்தப் பெண் என்னைப் படுக்கவைத்து, கோணமானியை முழங்காலில் பிடித்து, “மடக்குங்கோ” என்றார். இரண்டாந்தரமும் அளந்தார். மூன்றாந்தரமும் அளந்தார். எழுபத்தெட்டு.

பிழையாக அளக்கிறார் என்று நினைத்து நாட்குறிப்பை நீட்டினேன். ஒரு பக்கமும் விடாமல் வாசித்தார். “இவ்வளவு வடிவா ஒருத்தரும் எழுதினதில்லை ஐயா” என்றவர், பட்டியைத் தளர்த்தியதாக எழுதிய வரியில் விரலை வைத்தார்.

“இது மெசின் மடங்கின அளவு. உங்கட கால் மடங்கினது இல்லை. நானும் போனில கேட்டு நம்பியிட்டன்.”

உள்ளே தழும்பு இறுகிவிட்டது என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். நடக்கலாம், படியேறலாம், கதிரையில் இருக்கலாம். திரும்பத் திறந்து தழும்பைத் தளர்த்திப் பார்க்கலாம், ஆனால் சம்மணத்துக்கு உத்தரவாதம் தர ஏலாது என்றார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் நாட்குறிப்பைத் திரும்பப் புரட்டினேன். வலித்த நேரமெல்லாம் கால் மடங்கியிருக்கிறது. வலி நின்றதை முன்னேற்றம் என்று, நாள் தவறாமல், என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். முன்பு சொன்னதை அவள் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

மறுநாள் காலை தம்பியை அழைத்தேன். அவன் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு கோயிலில் பூசை செய்கிறான். திருவிழாவை நீ செய் என்றேன்.

“கதிரை போட்டு இருந்து செய்யுங்கோவன் அண்ணை. ஆர் கேக்கப் போகினம்?”

“ஓமகுண்டம் நிலத்திலயெல்லோ இருக்கு.”

“சரி, பத்து நாளும் நான் வாறன். வாற வருசம் நீங்கள் இருப்பியள்தானே?”

“வாற வருசமும் நீதான். அதுக்குப் பிறகும் நீதான்.”

“ஓம் அண்ணை” என்றான். தொலைபேசியை வைத்த பிறகும் கதிரையிலேயே இருந்தேன்.