கைப்பிடி வைத்த வீடு

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தோட்டம் காடு வாங்க முடியாது, வீடு மட்டும்தான் வாங்கலாம் என்று என் மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். யாரைச் சொல்கிறான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் வெள்ளைக்காரி. அவளைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தன்னையும் சேர்த்துச் சொல்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் இதே வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில் பிறந்தவன், என் எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிட்டுக்கொண்டு, நான் வெளிநாட்டுக்காரன் என்கிறான்.

கோயமுத்தூர்ப் பக்கம் வீடு பார்க்கத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இருக்கிற வீடு இருக்க இன்னொரு வீடு எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லமாட்டேன். இந்த வயதிலும் அப்படித்தான். மனதுக்குள் கேட்டுக்கொள்வேன், மனதுக்குள்ளேயே பதிலும் சொல்லிக்கொள்வேன். அந்தப் பதில் ஒருநாளும் நல்லதாக இருந்ததில்லை.

மறுநாள் நங்கை வந்தார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வந்து பார்த்துக்கொள்கிற ஆள் நங்கைதான். பார்த்துக்கொள்வது பாதி, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பாதி.

"பையன் ஊடு பாக்கறானாமா? யாருக்கு?"

"அவங்களுக்குத்தானுங்க நங்கை."

"அவங்களுக்கு அங்கயே பங்களா இருக்குதல்ல? நீ ஒரு வெகுளி. வயசானவங்களைக் கொண்டுபோயி வெக்கறதுக்குன்னே கோயமுத்தூர்ல ஊடு கட்டி விக்கறாங்களாமா. மணியடிச்சாச் சோறு. எங்க சம்பந்தி ஊட்டு அம்மாவை அப்படித்தான் கொண்டுபோயி உட்டுப்போட்டாங்க."

"அவங்க நல்லா இருக்கறாங்கன்னுதானுங்க சொன்னாங்க?"

"நல்லாத்தான் இருக்கறா. பாக்கப் போயிருந்தேன். நீ யாரூட்டுப் புள்ள கண்ணுன்னு எங்கிட்டக் கேக்கறா. எனக்கு எம்பத்தஞ்சு வயசு!"

காப்பியைக் குடித்துவிட்டு நங்கை போய்விட்டார். சொன்னது போகவில்லை. அன்றிலிருந்து மருமகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

முதலில் கோயமுத்தூருக்குள்ளேயே ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்தோம். என்னையும் வரச் சொன்னார்கள். சும்மா எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. லிஃப்டில் புரோக்கர் மலை தெரியும், காற்று வரும் என்று பேசிக்கொண்டே வந்தார். மருமகள் மலையையும் பார்க்கவில்லை, பூசை அறையையும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனாள். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கதவின் அகலத்தை அளந்தாள். தரையைச் செருப்பால் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தாள். பிறகு மகனிடம் ஏதோ சொல்ல, அவன் புரோக்கரிடம் கேட்டான்.

"இந்தக் கதவுல வீல் சேர் போகுமுங்களா?"

எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் காப்பியே குடிக்கிறேன்.

"ஏனுங்க பெரியம்மா, ஊடு புடிச்சிருக்குதுங்களா?" என்று புரோக்கர் என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்க வேண்டும்?

"நல்லாருக்குதுங்க" என்றேன். எங்கள் பக்கம் யார் முகத்துக்கு எதிரிலும் நன்றாக இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது.

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். நடுவில் மதர், மதர் என்று வந்தது. மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது தொண்டாமுத்தூர்ப் பக்கம். மலையடிவாரத்தில் சைட் பிரித்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் தென்னந்தோப்பு. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வண்டி நுழைகிற அகலத்துக்குச் சிமெண்ட் புதிதாக இருந்தது.

"யானை வருமுங்களா?" என்று மகன் கேட்டான்.

"சேச்சே! யானையெல்லாம் அந்தப் பக்கமாவே போயிருமுங்க."

"எந்தப் பக்கமா?"

"அது எந்தப் பக்கமா வருதுங்களோ, அந்தப் பக்கமாவேங்க."

சுவரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எனக்காகத்தான் இந்த வீடு என்றால் இருக்கட்டும், யானையாவது அவ்வப்போது வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மருமகளே சுவரிடம் போய்ப் புதுச் சிமெண்ட்டைத் தடவிப் பார்த்தாள். திரும்பிப் புரோக்கரைப் பார்த்து, தும்பிக்கை மாதிரி ஒரு கையை நீட்டி ஆட்டிக் காட்டினாள். புரோக்கர் சிரித்து மழுப்பினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யார் சொன்னாலும் நம்பாமல் தொட்டுப் பார்க்கிறவள். இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போலத்தான் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் கூடிப்போயிற்று. என்னைப் போன்றவள் என்றால் மனதில் இருப்பதை வெளியே சொல்லமாட்டாளே.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்பது என்று முடிவு செய்தேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் முன்னால் போட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. பொண்ணு கட்டுவதோ கிணறு வெட்டுவதோ, பூ கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு சன்னதியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னவென்று கேட்பது? என்னை அனுப்பிவிடப் போகிறார்களா என்று கேட்டு வெள்ளை வந்துவிட்டால்? அம்மன் சொன்ன பிறகு மீற முடியாது. கேட்காமலே எழுந்து, இரண்டு பூவையும் அம்மன் காலடியில் கொட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் நங்கை சொன்ன மாதிரி இடம். கேட்டைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. எங்கேயும் படி இல்லை, எல்லாம் சரிவாக இருந்தது. சுவர் நெடுக எவர்சில்வர் கைப்பிடி. பெரிய சாப்பாட்டுக்கூடம். மர நிழலில் என் வயது ஆட்கள் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா! இனி இது உங்க ஊடுன்னு நெனச்சுக்கோங்க."

நான் கையை உருவிக்கொண்டேன்.

காலியாக இருந்த ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். மருமகள் வழக்கம்போலக் குளியலறைக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். விழுந்துவிட்டால் அழுத்துவதற்காம். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகக் கக்கூஸ் கோப்பை மூடியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு கைப்பிடியை இழுத்து எழுந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குப் பொருந்தும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் இங்க இருக்கமாட்டேன் கண்ணு" என்றேன். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆபீஸ் பெண் நின்றுவிட்டாள்.

"நீ எதுக்கும்மா இங்க இருக்கோணும்?" என்றான் மகன்.

"பின்ன யாருக்குப் பாக்கறீங்க?"

"எங்களுக்குத்தாம்மா."

"உனக்கென்ன வயசாச்சுன்னு இங்க வந்து இருக்கோணும்?"

"அடுத்த வருசம் எனக்கு அறுவது. அவளுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்குது. அங்க குளிரு, பனி, அவளால முடியலை. சொன்னா நீ பயந்துக்குவேன்னு சொல்லலை."

அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தேன். தலையில் முடி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான், அவன் அப்பா கடைசிக் காலத்தில் துடைத்த மாதிரியே. இத்தனை நாள் எதிரில் வைத்துத் தோசை சுட்டுப் போட்டும் இதை நான் பார்க்கவில்லை. மருமகளின் கை எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்றெல்லாம் பார்த்த நான், அவள் ஒரு காலைச் சாய்த்து நடந்ததைப் பார்க்கவில்லை.

ஆனால் என் சந்தேகம் அதோடு தீர்ந்துவிடவில்லை. மருமகள் முன்னால் நடந்து காரில் போய் ஏறிக்கொண்டாள். நான் மகனை மரத்தடியில் நிறுத்தினேன்.

"அப்ப நம்மூட்டுல வந்து இருக்கறதுக்கென்ன? அத வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்."

"அவளுக்கு ஆசைதாம்மா. உனக்குப் புடிக்காதுன்னு நெனைக்கறா."

"நான் எப்பச் சொன்னேன்?"

காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தட்டு" என்றான்.

அவள் முதல் தடவை வந்தபோது காங்கேயம் கடையில் அவளுக்கென்று புதுத்தட்டு, தம்ளர், ஸ்பூன் வாங்கினேன். வேறு யாருடைய எச்சிலும் படக்கூடாது என்று தனி அலமாரியில், மேலே துணி போட்டு வைத்திருந்தேன். அவள் வரும்போது மட்டும் எடுப்பேன். அடுப்படிப் பக்கம் வந்தால், நீ போயி உக்காரு அம்மணி என்று அனுப்பிவிடுவேன். விருந்தாளியை வேலை வாங்கலாமா? எனக்குத் தெரிந்த மரியாதை அது. அவளோ மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்த ஒரு பழைய அலுமினியத் தம்ளரைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று இவனிடம் கேட்டிருக்கிறாள். என் மாமனார் காலத்தில் தோட்டம் காட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் ஊற்றுவோம். வீட்டுத் தம்ளரை அவர்களிடம் கொடுக்கமாட்டோம். இவனும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான்.

"அப்ப என் தம்ளரும் அதுதானான்னு கேட்டாம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"நீ எங்களைக் கேட்டியா?"

காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவளிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தமிழிலேயே எனக்குச் சொல்ல வராது.

மறுநாள் காலையில் அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வழக்கமாகப் போகச் சொல்கிற கை எழுந்துவிட்டது. அதை இறக்கிக்கொண்டு, சின்ன வெங்காயம் இருந்த முறத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"அம்மணி, இதை உரிச்சுப்போடு. அப்படியே அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்க."

புரிந்ததோ என்னவோ, உட்கார்ந்தாள். தோலோடு பாதி வெங்காயமும் போயிற்று. கண்ணீர் வழிந்தது, சேலை இல்லாததால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் குடிக்கிற தம்ளரில் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், அடியில் பேர் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. குடித்துவிட்டு, "அத்தே, உப்பு" என்றாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவதாகப் பார்த்த அந்த இடத்தில் கொடுத்த வழவழப்பான படப்புத்தகம் மட்டும் அவள் பையில்தான் இருந்தது. இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மகன் ஓர் ஆளைக் கூட்டிவந்து நம் குளியலறையில் கைப்பிடி ஒன்று வைக்கச் சொன்னான். மருமகள் நின்று பார்த்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அங்கே இருக்கிற வீட்டை விற்கப் போயிருக்கிறார்கள். விற்றுவிட்டு வருகிறோம் என்றார்கள். படப்புத்தகத்தையும் கொண்டுபோயிருக்கிறாள்.

"வருவாங்கன்னு நெனைக்கறயா?" என்றார் நங்கை. "உனக்குத்தான் கைப்புடி வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கறாங்க."

அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். மருமகள் நெட்டை. அந்தக் கைப்பிடி என் கழுத்து உயரத்தில் இருக்கிறது. மணையில் உட்கார்ந்து குளித்தால் எனக்கு எட்டவே எட்டாது. நங்கை கையைத் தூக்கி அதைத் தொட்டுப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார், ஆடவில்லை.

"இது உனக்கு வெச்சதில்லை" என்றார்.

"இல்லீங்க நங்கை" என்றேன்.