அணையப் பார்த்த காரில் பெருங்கடவிளைக்கு

காலை ஏழரை மணிக்கு மார்த்தாண்டத்திலிருந்து நானும் மனைவி ரோசம்மாவும் எங்கள் பழைய வெள்ளைக் காரில் புறப்பட்டோம். ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் ஜின்சியை, பெருங்கடவிளையிலுள்ள கணவன் வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். தூரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். "எங்க புது வண்டியில கொண்டு விடட்டா?" என்று சம்பந்தி போனில் கேட்டிருந்தார். அப்பன் வண்டியில் கூட்டி வருவதுதான் முறை என்று நான் பெரிதாகச் சொல்லிவிட்டேன். 

ஓடும்வரை காருக்கு ஒரு குறையும் கிடையாது. எஞ்சினை அணைக்காமல் வழியில் நிறுத்தினால்தான் கோளாறு. எஞ்சின் தானாகவே உறுமும், பிறகு தணியும், சிலசமயம் அணைந்தே போகும். களியக்காவிளை நெரிசலில் இரண்டு தடவை அணைந்தது. பாறசாலையில் ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, நிற்கும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டும் ஐட்லிங் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திருகினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அந்த ஸ்க்ரூ எதைத் திறக்கிறது, எதை அடைக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது.

"பெட்ரோல்ல வெள்ளம் கேறியிருக்கும் அண்ணா" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"ப்ளக்காக்கும்" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

தண்ணீர், ப்ளக் இரண்டையும் நம்பினேன்.

"இஞ்ச பாருங்க, ரெண்டும் இல்லாம வேற ஒண்ணா இருந்தா?" என்றாள் ரோசம்மா. அதையும் நம்பினேன்.

உதியன்குளங்கரை தாண்டி அமரவிளைப் பாலம். முன்னால் போன பஸ் நின்றுவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் நெய்யாற்றைப் பார்க்கவில்லை. நீங்கள் போனால் பாருங்கள், நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ஷிபு பானட்டுக்குள் குனிந்ததுமே எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடியது. எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமியபோதுதான் உயிர் வந்தது.

"இந்த ஸ்க்ரூ ஆரு திருகினது?"

"நான்தான். கொறச்சு, கொஞ்சூண்டு."

"கொறச்சா? இனி திருக ஸ்க்ரூல இடமில்ல, கேட்டுதா!"

ரோசம்மாவின் கையிலிருந்த தண்ணீர்க் குப்பியை வாங்கி, ஒவ்வொரு ரப்பர் குழாயின் மேலும் தண்ணீர் ஊற்றினார்.

"எலே, அது குடிக்க வச்ச வெள்ளமாக்கும்!" என்றாள் ரோசம்மா.

ஒரு மெல்லிய குழாயின் முனை நனைந்ததும் எஞ்சின் சட்டென்று நிதானித்தது. அங்கே வெடிப்பு. அதன் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. புதுக் குழாய் மாட்டியதும் எஞ்சின் அலறியது. நான் பின்வாங்கினேன். நான் அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்த ஸ்க்ரூவை ஷிபு சிரித்துக்கொண்டே திருப்பித் திருகினார். சத்தம் அடங்கியது. குழாயும் கூலியும் முந்நூற்றைம்பது ரூபாய்.

"இனி அணையாதே?"

"பழைய வண்டியாக்கும் அண்ணா. நான் என்ன தெய்வமா?"

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. சம்பந்தி வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைக்கப் பயந்து, ஓடவிட்டபடியே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா காப்பியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"எறங்க மாட்டீங்களா? எங்க வீடு பிடிக்கலியா?"

"இல்ல, வண்டி கொறச்சு நேரம் நின்னு பழகட்டும்."

சம்பந்தி தன் புது வண்டியைப் பார்த்தார். ஜின்சி வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகப் படியிறங்கி வந்தாள். அவளைக் கண்டதும், ஒருவரும் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது: "மக்கா, நீ மாமா வண்டியில ஏறு."

ரோசம்மா என்னை முறைத்துவிட்டு மகளோடு அதில் ஏறிக்கொண்டாள். பெட்டிகளை என் காரில் வைத்தார்கள். சம்பந்தி ஓட்டிய அந்த வண்டியின் பின்னாலேயே வந்தேன். அமரவிளையில் நின்றேன், பாறசாலையில் நின்றேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

களியக்காவிளை நெரிசலில் இரண்டு வண்டிகளும் பக்கம் பக்கமாக நின்றன. ஜின்சி கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது மக்கா."

"பின்ன நான் எதுக்கு இதுல இருக்கேன்?"

அதற்குள் அவர்களுடைய வரிசை நகர்ந்துவிட்டது. இந்தச் சாலையில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. வீட்டு முற்றம்வரை கார் ஓர் இடத்திலும் அணையவில்லை. பின்சீட்டில் அவளுடைய பெட்டிகள் ஆடாமல் அசையாமல் வந்து சேர்ந்தன.