அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை

கிரிவலப் பாதையை ஒட்டிய முதியோர் இல்லம் ஒன்றில் பணிப்பெண்ணாக இருக்கிறேன். ஒரு பௌர்ணமியன்று என்னுடன் வேலை செய்பவர் கூட்டத்தில் சிக்கி வரத் தாமதமானது. காலை மாத்திரைகளை நான் ஒருத்தியே அவசரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ராஜம்மாள், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இது என்னுது இல்லம்மா. பிரஷர் மாத்திரை சின்னதா இருக்கும்” என்றார்.

“கம்பெனி மாத்தியிருப்பாங்கம்மா, போட்டுக்குங்க” என்றேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

பதினோரு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் பதில் இல்லை. நர்ஸ் ஓடி வந்து சோதித்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. ராஜம்மாளுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் சர்க்கரை மாத்திரையை அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறைக்காமல் நர்ஸிடம் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் பிழைத்துத் திரும்பினார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும். உனக்கு வேலை ஜாஸ்தின்னு வுட்டுட்டேன்” என்றார். அவர் திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே கொடுக்கிறேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தயங்கினால், நர்ஸ் வந்து பார்க்கும்வரை விழுங்க விடுவதில்லை.