இட்வலின் கூண்டும் நெஸ்டாவின் சாபங்களும்

தனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று ஐம்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தாள் நெஸ்டா பெவன். வேல்ஸ் எல்லையோரம், வீட்டுக்கு வீடு பழைய புத்தகக் கடையாக இருந்த அந்தச் சிற்றூரில் அவளுடைய கடையின் விற்பனைப் பட்டியலுக்குத் தனி மரியாதை. பிரசங்கங்கள், தாவர நூல்கள், நிலப்படங்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை கறை என்பதுவரை எழுதிவைப்பாள்.

எதிர்க்கடை இட்வல் கோக், கௌபாய் நாவல்களையும் சமையல் புத்தகங்களையும் குவித்துவைத்திருப்பவன். ஓயாமல் மழை பெய்த ஒரு பிப்ரவரியில், ஆள் நடமாட்டமே இல்லாத சலிப்பில் பூச்சி அரித்த தோல் அட்டைகளில் புதுத் தலைப்புகள் ஒட்டி, ஒரு கிளிக்கூண்டுக்குள் அடுக்கிப் பூட்டி, கூரையிட்ட கடை வாசலில் வைத்தான். 'தடைசெய்யப்பட்ட மந்திர நூல்கள். விரல் நீட்ட வேண்டாம்' என்று ஒரு பலகை.

உள்ளே இருந்தவை: 'பேயை வரவழைப்பது எப்படி? இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பை வாங்கியவர்களைத் தேடுகிறோம்.' 'சாத்தானோடு ஒப்பந்தம்: பொடி எழுத்தில் உள்ளவை மட்டும்.' அப்புறம் ஒரு வெற்றிடம். அதன் கீழே சீட்டு: 'கண்ணுக்குத் தெரியாமல் மறைவது எப்படி? செய்முறை விளக்கத்துடன்.'

ஈஸ்டருக்குள் இட்வல் கடை வாசலில் கூட்டம். சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டி நெஸ்டாவின் மேசைவரை வந்தது. சிரித்தே அறியாத போதகர் ஹேடன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கடைக்குள் வந்தார்.

"அந்தக் கூண்டைப் பாத்தியாம்மா? வயிறு வலிக்குது எனக்கு."

"வேலையத்த வேலை," என்றாள் நெஸ்டா. வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவர் கேட்காத பிரசங்கத் தொகுப்பை எடுத்து நீட்டினாள்.

முப்பது வருஷம் தப்பில்லாமல் பட்டியல் எழுதியவளை யாரும் இப்படித் தேடி வந்ததில்லை. டீ கசந்தது. இட்வல் விசிலடித்தால்கூடக் காது எரிந்தது. அவன் தலைப்புகளை மனசுக்குள் திருத்திப் பார்த்தாள். தன் திருத்தம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று தோன்றியபோது பொறாமை இரண்டு மடங்கானது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இட்வல் தபாலாபீசுக்குப் போயிருந்த நேரம். கிழிந்த ஜெபப்புத்தக அட்டை ஒன்றில் தலைப்பு ஒட்டி, கம்பி இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு வந்தாள்: 'அண்டை வீட்டாருக்கான சிறு சாபங்கள்: ரொட்டி கருகுவது முதல் ஒற்றைக் காலுறை தொலைவதுவரை. நூல் முதுகில் லேசான கறை.'

அவனைக் கேலி செய்யத்தான் எழுதினாள். ஆனால் அந்த வாரமே ஊர் முழுக்க அதே பேச்சு. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் படித்தார்கள். பாராட்டெல்லாம் இட்வலுக்கே போனது. "பிரமாதம்ப்பா, எங்கேருந்து பிடிச்ச?" என்று அவன் தோளைத் தட்டினார்கள். நெஸ்டா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்தாள். தான் எழுதியதன் மேலேயே பொறாமைப்பட வேண்டிய கதியாகிவிட்டது.

மூன்றாம் வாரம் இட்வலே தெருவைக் கடந்து வந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் அந்த அட்டை.

"லேசான கறைன்னு இந்த ஊர்ல வேற யாரு எழுதுவா? நீதானே?"

"நானா? எனக்கு ஏது நேரம்?"

"பொய் சொல்லாத நெஸ்டா. மூணு வாரமாத் தூக்கமில்ல. அந்த ஒத்தக் காலுறை எனக்கு ஏன் தோணல? ஒவ்வொருத்தனும் அதைப் பாத்துச் சிரிக்கறப்ப வயிறு பத்திக்கிட்டு எரியுது."

இத்தனை இனிமையான வார்த்தைகளை அவளிடம் யாரும் பேசியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. டீ போடறேன். ஆமா, நான்தான்."

"அப்ப சேர்ந்து எழுதலாமா?"

"என் கடைக்கு நான் எழுதிக்கறேன். உன் கடைக்கு நீ எழுது."

அடுத்த வசந்தத்தில் தெருவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கூண்டுகள். ஜனங்கள் இங்கும் அங்கும் கடந்துபோய்ச் சிரித்தார்கள். எதிர்ப்பக்கச் சிரிப்பு நீண்டால் இவள் பேனாவை எடுப்பாள். இவள் பக்கம் நீண்டால் அவன் கடைக் கதவை அறைந்து சாத்துவான். பதினோரு வருஷம் இப்படியே போனது. இருவரும் வேறு எதற்காகவும் அவ்வளவு உழைத்ததில்லை.

பன்னிரண்டாம் வருஷம் இட்வல் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு நெஸ்டா பழம் கொண்டுபோகவில்லை. ஒரு அட்டை கொண்டுபோனாள். 'ஏணியில்லாமல் பறப்பது எப்படி? ஆசிரியரின் கடைசி நூல்.'

இட்வல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

"சுமார்தான்," என்றான். "பேனா இருக்கா?"